சிலிப்பி என்ற சொல்

வழுக்கும் தரையைச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ஸ்லிப்பரி' என்பது கல்லூரியில் கற்றுக்கொடுத்தது. 'ஸ்லிப்பி' என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அரியமங்கலத்தில், ஒரு கடலை எண்ணெய் ஆலையில், சிறு பிள்ளைகள் எழுதும் சிலேட்டு ஒன்றில். அந்தச் சிலேட்டை அங்கிருந்து எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அதன் விளைவாக ஒருவருடைய வேலை போயிற்று. அதில் என் பங்கு எவ்வளவு, என் நண்பனின் பங்கு எவ்வளவு என்று பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்து வருகிறேன். இன்னும் பிரிபடவில்லை.

திருச்சியில் பி.ஏ. முடித்து ஒன்றரை ஆண்டு வேலை தேடி அலைந்தபின், அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஆலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். வேலையை வாங்கிக் கொடுத்தவன் என் நண்பன். ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி அவன் வீடு. பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்கு ஓராண்டு மூத்தவன். அவன் படித்து முடித்த புத்தகங்களில்தான் நான் படித்தேன். ஆலை முதலாளிக்கு அவன் தாய் வழியில் உறவு. அதனால் படிப்பு முடிந்ததுமே அங்கே உதவி மேலாளர் ஆகியிருந்தான். காலையில் இருவரும் ஒன்றாகப் புறப்படுவோம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ், மெயின்கார்டு கேட்டில் இறங்கித் தஞ்சாவூர் ரோட்டுக்கு இன்னொரு பஸ். அவன் முதலில் ஏறிப் பக்கத்து இருக்கையில் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பான். மேலாளர் நிலையில் இருப்பவன் எழுத்தருக்கு இடம் பிடிப்பதை நான் பெரிய குணமாக நினைத்தேன். இன்றும் அந்தக் குணத்தை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஓர் ஆங்கிலோ-இந்தியர். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஆலையில் எல்லோருக்கும் அவர் 'தொரை'; அவருக்கு எல்லோரும் 'மேன்'. கடலையைப் பிழியும் இயந்திரத்துக்கும் புண்ணாக்குக் கிடங்குக்கும் நடுவே எண்ணெய் வடிகட்டும் இடம் ஒன்று இருந்தது. வடிகட்டியின் துணிகளை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் எண்ணெய் தரையில் வழிந்து பரவும். அந்தச் சிமெண்டுத் தரையின் மீதுதான் புண்ணாக்கு மூட்டை சுமப்பவர்கள் நடந்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

துரை தம் மகள் சிறு வயதில் எழுதிய சிலேட்டைக் கொண்டுவந்து, பலப்பத்தால் பெரிய எழுத்தில் 'ஸ்லிப்பி' என்று எழுதி வைத்திருந்தார். வேலை இல்லாத நேரத்தில் அது ஆணியில் தொங்கும். எண்ணெய் வழிந்ததும், வழியவிட்டவரோ முதலில் பார்த்தவரோ அதை எடுத்துவந்து, கவிழ்த்த தகர டின் ஒன்றின் மேல் சாய்த்து, எண்ணெய்க்கு முன்னால் வைக்க வேண்டும். மரத்தூள் போட்டுத் தரையைத் துடைத்துக் காய்ந்தது தெரிந்தபின், வைத்தவரே எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். வைத்தவர் எடுக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. சிலேட்டு தரையில் நின்றால் மூட்டைக்காரர்கள் நின்றுவிடுவார்கள். முதலாளியே வந்து கத்தினாலும் நகர மாட்டார்கள். சிலேட்டு ஆணியில் இருந்தால் ஓட்டமாகப் போவார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் அவர்கள் வாயில் 'சிலிப்பி' ஆகி நன்றாகப் புழங்கிற்று. 'சிலிப்பி போட்டாச்சா?' என்று கேட்பார்கள். 'சிலிப்பி ஏறிடுச்சு, வா' என்றால் தரை காய்ந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் தெருவில் சேறு இருந்தாலும் 'வழியெல்லாம் ஒரே சிலிப்பி' என்பார்கள். வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போன மாப்பிள்ளை ஒருவனை 'அவன் சரியான சிலிப்பி' என்று ஒருவர் திட்டக் கேட்டிருக்கிறேன். துரையோ லாரி வந்து காத்திருக்கும்போது 'லுக் ஸ்லிப்பி, மேன்' என்பார். சீக்கிரம் ஆகட்டும் என்பதற்கு அது அவர் வீட்டுப் பேச்சு. அதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. ஒரு சனிக்கிழமை கல்லூரி நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். சொல் இருந்தது. 'ஸ்லிப்பரி' என்பதற்கு உள்ள பொருளே என்று போட்டு, பக்கத்தில் பேச்சு வழக்கு என்பதற்கான சுருக்கக் குறியும் போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் வீடுகளில், பட்டறைகளில், குழந்தைகளிடம் சொல்வார்கள். கடிதத்திலும் அறிவிப்பிலும் எழுத மாட்டார்கள். பொருளில் குறை இல்லை, தகுதியில்தான் குறை என்று முடிவு செய்துகொண்டு திரும்பினேன். இருபத்து மூன்று வயதில் ஒரு சொல்லின் தகுதியைத் தீர்மானிப்பது எளிதாக இருந்தது.

அதற்குள் ஆலையில் நான் இன்னொரு காரியமும் தொடங்கியிருந்தேன். பகல் உணவு இடைவேளையில், கிடங்கின் நிழலில், விரும்பியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் மூவர் ஆனார்கள். கடைசிவரை நின்றவர் ஒருவர்தான். காட்டூரிலிருந்து தினமும் நடந்து வருபவர், நாற்பதைக் கடந்தவர், மூட்டை சுமப்பவர். சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருவார். மற்றவர்கள் தூரத்தில் இருந்து கேலி செய்வார்கள்.

"என்னண்ணே, பரீட்சை எப்ப? பாஸானா மூட்டை தானா நடந்து வருமா?"

"வரும்டா. மொதல்ல உன் தலையில ஏறிக்கிட்டு வரும்," என்பார் அவர், மடியில் இருந்த பாடச் சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எட்டு மாதத்தில் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்தார். சம்பளப் பதிவேட்டில் முதன்முறையாகக் கட்டைவிரலை வைக்காமல் கையெழுத்துப் போட்ட நாளில், மை காயும்வரை ஊதிக்கொண்டே நின்றார். பின்னால் இருந்தவர்கள் வரிசை நகரவில்லை என்று சத்தம் போட்டார்கள்.

அந்த ஆண்டு கடலைப் பருவம் தொடங்கும் முன் ஆலையைப் பார்வையிட அரசாங்க அதிகாரி ஒருவர் வரப்போவதாகச் செய்தி வந்தது. பஸ்ஸில் போகும்போது நண்பன் அதைப் பற்றிப் பேசினான். அந்தச் சிலேட்டைப் பார்த்தால் அதிகாரி சிரிப்பார் என்றான். நான் என் கருத்துகளைச் சொன்னேன். அந்தச் சொல் எழுத்துக்கு ஏற்றதல்ல. அது இருக்கட்டும், நம் தொழிலாளிக்கு அவன் உயிரைக் காக்கும் எச்சரிக்கையைக்கூட அவனுக்குத் தெரியாத மொழியில் எழுதி வைப்பது அநியாயம். தமிழில் பெரிய எழுத்தில் நிலையான பலகைகள் வைக்க வேண்டும். நண்பன் கவனமாகக் கேட்டான்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிடா. எழுத்துல குடு. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான்.

எந்தக் காரியத்தையும் தொடங்கும் முன் ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் எழுதினேன். நன்மைப் பக்கத்தில் ஆறு வரிகள் வந்தன. தீமைப் பக்கத்தில் ஒரே வரி: துரைக்கு வருத்தம் ஏற்படலாம்.

அதனால் துரையிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நல்ல போர்டுதான், மேன். ஆனா தரை நாலு தடவை ஈரமாகும், நாலு தடவை காயும். உன் போர்டு எந்திரிச்சுப் போய் எந்திரிச்சு வருமா?"

அதற்கு ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தம் மகளின் சிலேட்டுக்காக வாதாடுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் கடைசி வாக்கியம் இது: நிலையான பலகைகள் பொருத்தப்பட்டபின் இந்தச் சிலேட்டுக்கு அவசியம் இராது. யாரும் என்னை அதை எழுதச் சொல்லவில்லை. குறிப்பு அழகாக முடியவேண்டும் என்று எழுதினேன்.

இரண்டு பலகைகள் வந்தன. மஞ்சள் வண்ணம், கறுப்பு எழுத்து. 'எச்சரிக்கை. தரை வழுக்கும்.' ஒன்று வடிகட்டும் இடத்தில், மற்றது முற்றத்துச் சுவரில், அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரில். என் மாணவர், அந்தக் காட்டூர்க்காரர், அதை முதல் நாளே ஒரே மூச்சில் படித்தார். எனக்கு இருந்த பெருமையைவிட அவருக்கு இருந்தது அதிகம். அதிகாரி வந்து பலகைகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். சிலேட்டை நண்பன் எடுக்கச் சொன்னான். துரை தாமே ஆணியிலிருந்து கழற்றி, எழுதியிருந்ததைத் துடைக்காமல், சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துப் போனார்.

அதன்பின் நடந்ததை யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். துரை சொல்லவும் சொன்னார். பலகை ஈரத்திலும் இருந்தது, உலர்ந்தபோதும் இருந்தது. பத்து நாளில் அது சுவரின் ஒரு பகுதியாகிவிட்டது. எண்ணெய் வழிந்தால் துணி மாற்றுகிறவர்கள் வாயால் கத்திப் பார்த்தார்கள். இயந்திரச் சத்தத்தில் அது பாதிப் பேருக்குக் கேட்காது. மூன்றாம் வாரம், ஒரு முற்பகலில், என் மாணவர் முதுகில் மூட்டையோடு கிடங்கை நோக்கிப் போகையில் விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூட்டையை அவர்மேல் இருந்து நகர்த்தியிருந்தார்கள். கால் இருக்கவேண்டிய பக்கம் இல்லை. வலியில் முனகிக்கொண்டே அவர் சுற்றியிருந்தவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: "சிலிப்பி போடலையாடா?" பழக்கத்தில் அவர் கண் ஆணி இருந்த இடத்துக்குப் போயிற்று.

தொடை எலும்பு முறிந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தார். எலும்பு கூடிற்று, ஆனால் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது, இனி மூட்டை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கேட்டதெல்லாம் ஆலையில் உட்கார்ந்து செய்யும் ஏதாவது ஒரு வேலை. வேறு இடத்தில் காலை இழுத்து நடப்பவரை யார் சேர்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதை நண்பனிடம் சொன்னேன்.

"கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. சாக்குத் தைக்கிற இடத்துல ஒரு ஆள் வேலையை விட்டுப் போறான். கால் சரியானதும் அதுல உக்காரட்டும். மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

முதலில் குறிப்பை வாங்கும்போது சொன்ன அதே வார்த்தை. அந்த வார்த்தை ஒருமுறை நிறைவேறியிருந்ததால் நான் நம்பினேன். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் மாணவரிடமும் அவர் மனைவியிடமும், உங்களுக்கு வேலை இருக்கிறது என்று என் வாயால் சொன்னேன். அந்த அம்மாள் எழுந்து நின்று கும்பிட்டார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். ஆனாலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் முதலாளி அறைக்கு அழைத்தார்கள். விபத்து பற்றி ஒரு விசாரணை எழுத்தில் இருந்தாக வேண்டும், வெறும் சடங்கு என்றான் நண்பன். நடப்பதை ஆங்கிலத்தில் பதிவு செய்வது என் பொறுப்பு. முதலாளி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்; அன்று அவர் பேசியது மிகக் குறைவு. கேள்விகளைக் கேட்டது நண்பன். எப்போது விழுந்தீர்கள், தூக்கியது எந்த மூட்டை, செருப்புப் போட்டிருந்தீர்களா என்று மரியாதையாகவே கேட்டான். மாணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

பிறகு நண்பன் என் பக்கம் திரும்பி, இவருக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நீதானே என்று கேட்டான். ஆமாம் என்றேன். சொல்லும்போது மகிழ்ச்சியாகக்கூட இருந்தது; சாக்குத் தைக்கும் இடத்தில் எண்ணிக்கை எழுத ஒருவர் தேவைப்படும், அதற்காகக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்," என்றான் அவரிடம், ஜன்னலைக் காட்டி.

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பில் படிப்பது போலவே, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையைக் கொடுத்து, நிறுத்திப் படித்தார்.

"எச்சரிக்கை. தரை... வழுக்கும்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். சரியாகப் படித்துவிட்டால் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். நான் தலையசைக்க வேண்டும். அன்றும் தலை தானாக அசைந்துவிட்டது. அசைந்து முடித்தபின்தான் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கிற்று.

"தொழிலாளி எச்சரிக்கைப் பலகையைத் தடையின்றி வாசித்தார்னு எழுதிக்கோ," என்றான் நண்பன்.

எழுதினேன். அடுத்து அவன் கோப்பிலிருந்து என் குறிப்பை எடுத்து, கடைசி வாக்கியத்தை உரக்க வாசித்தான். தொழிலாளர் நலனில் அக்கறை உள்ள ஒரு பட்டதாரியே இந்த ஏற்பாட்டைக் கேட்டார், நிர்வாகம் உடனே நிறைவேற்றியது, தாய்மொழியில் எச்சரித்தும் கவனிக்காமல் நடந்தது தொழிலாளியின் அஜாக்கிரதை என்று சொன்னான். அவன் சொன்ன ஒவ்வொரு செய்தியும் உண்மை. அதில் எதை மறுப்பது என்று தேடிக்கொண்டே எழுதினேன்.

அப்போது கதவருகில் துரை வந்து நின்றார். அவரை யாரும் அழைக்கவில்லை. சிலேட்டு இருந்திருந்தால் இந்த ஆள் நின்றிருப்பான், விழுந்திருக்க மாட்டான் என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். முதலாளி நண்பனைப் பார்த்தார்.

"அது விசாரணையில சேராது. எழுத வேண்டாம்," என்றான் நண்பன் என்னிடம்.

பேனா தாளின்மேல்தான் இருந்தது. ஒரு வாக்கியம், எழுத அரை நிமிடம் போதும். எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். என் வேலை போகலாம். அப்பா ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. நண்பனை முதலாளி முன் பொய்யனாக்கியதாகும். சாக்குத் தைக்கும் வேலை இன்னும் கைநழுவவில்லை, முறைத்துக்கொண்டால் அதுவும் போகும். இப்படி எடைபோட்டு முடிப்பதற்குள் துரை போய்விட்டார், நண்பன் தாளைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். தாளின் அடியில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. மை டப்பியை எடுத்து வைத்தான் நண்பன். மாணவர் அதை விலக்கி, என் பேனாவை வாங்கி, தம் பெயரை எழுதினார். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்கவில்லை. நான் எழுதியதுதானே.

அடுத்த வாரம் அவரை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் தயாரானது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அன்று மாலை பஸ்ஸில் நண்பன் வழக்கம் போலப் பக்கத்தில் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரு என்றான். சாக்குத் தைக்கும் வேலை தருவதாகச் சொன்னாயே என்றேன்.

"சொன்னேன். அன்னிக்கு இருந்த நெலமைக்குச் சொன்னேன்."

"நான் ஆஸ்பத்திரியில போய் அவங்ககிட்ட சொல்லிட்டேன்டா."

"உன்னை யாருடா அங்கே போய்ச் சொல்லச் சொன்னா? ஒருத்தனுக்குச் செஞ்சா நாளைக்கு விழறவன் எல்லாம் வருவான். நான் புதுசா ஒண்ணும் எழுதலையே. நீ எழுதினதைத்தானே படிச்சேன்?"

பஸ் காவேரிப் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. கைக்குட்டை இருந்த இடத்தில் யாரோ ஒருவர் வந்து உட்காரப் போனார். ஆள் வருது என்று அவரைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்குப் புரியாதது அதுதான். என்னை ஏமாற்றியதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. குறிப்பைக் கேட்டபோதே இப்படிப் பயன்படும் என்று நினைத்தானா, விபத்துக்குப் பின் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டானா என்று நான் அவனைக் கேட்கவே இல்லை. முன்னது என்றால் அத்தனை ஆண்டுப் பழக்கமும் பொய்யாகும். பின்னது என்றால் நான் அவனை மன்னிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நான் தயாராக இல்லை. ஸ்ரீரங்கம்வரை நின்றுகொண்டே வந்தேன். மறுநாளிலிருந்து அரை மணி நேரம் முந்திய பஸ்ஸில் போனேன். வேலையை விட்டது அதற்கு எட்டு மாதம் கழித்து, ஒரு பள்ளியில் இடம் கிடைத்தபின். அன்றே விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, அது உண்மையல்ல.

நீக்கல் கடிதம் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டூருக்குப் போனேன். வீடு கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. மாணவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "வாங்க சார், உக்காருங்க," என்றார், ஆலையில் சொல்வது போலவே. அவர் மனைவி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அது நியாயம்.

நான் போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதைத் தயாரித்து வைத்திருந்தேன். பலகையைப் பற்றி, குறிப்பைப் பற்றி, எழுதாமல் விட்ட வாக்கியத்தைப் பற்றி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் அவர், வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், பார்க்கலாம் என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. பிறகு கால் முட்டியைத் தடவியபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை போயிருக்காதுன்னு எல்லாரும் திட்டுறாங்க. எனக்கும் அங்கேயே லேசாத் தோணுச்சு, எதுக்கோ கேக்கறாங்கன்னு. நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க. உங்க முன்னாடி எப்படி சார் தெரியாதுன்னு சொல்றது?"

எழுந்தேன். கொண்டுபோயிருந்த வாழைப்பழத்தைக் கட்டிலின் மேல் வைத்தேன். தெருவுக்குப் போகக் கிணற்றடியைக் கடந்துதான் போகவேண்டும். அந்த அம்மாள் தலை நிமிராமல் துலக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கி, சொல்லாமல் காலை எடுத்து வைத்தேன். அப்போதுதான் அவர் அன்று பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினார். கோபத்தில் அல்ல, தெருவில் போகும் யாருக்கும் சொல்வது போல.

"பாத்துப் போங்க. அந்தக் கல்லு சிலிப்பியா கெடக்கு."

நான் நின்றேன். பிறகு அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போனேன்.